பங்குனி வெயிலில் மாடித்தோட்டம்: எதைப் பறிப்பது, எதைக் காப்பது, எதை விட்டுவிடுவது

தை, மாசி வரை செழித்திருந்த மாடித்தோட்டம் பங்குனி பிறந்ததும் துவண்டுபோகிறது. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விட்டும் மதியம் இலை தொங்குகிறது. தக்காளியில் பூ நிற்கவில்லை. கொத்தமல்லி திடீரென்று பூத்துவிட்டது. வெண்டையும் கொத்தவரையும் மட்டும் கவலையில்லாமல் நிற்கின்றன. இந்தக் கோடையைத் தாண்ட என்ன உரம் வைக்கலாம், எவ்வளவு தண்ணீர் விடலாம் என்று மதுரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இது உங்கள் முதல் கோடை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் திருச்சியில் 11 வருடமாக மொட்டைமாடியில் காய்கறி வளர்க்கிறேன். முதல் இரண்டு கோடைகளில் நான் இழந்த செடிகளில் பாதிக்கு மேல் வெயிலால் போகவில்லை. நான் கண்ட நேரத்தில் ஊற்றிய தண்ணீராலும், பரிதாபப்பட்டு வைத்த உரத்தாலும் போனவை. அதனால் உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்: இப்போதைக்குக் கொஞ்சம் மண்புழு உரம் தவிர வேறு உரம் பெரிதாக வேண்டாம், தண்ணீரின் அளவைவிட நேரத்தைப் பாருங்கள், கையில் கத்தரிக்கோலும் கூடையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடைத் தொடக்கத்தில் பாதிப் பராமரிப்பு பறிப்பதிலேயே நடந்துவிடுகிறது.

முதலில் அந்த மதிய வாட்டம். 2 மணிக்குப் பூசணி, சுரை, கத்தரி இலையெல்லாம் மடக்கிய குடைபோலத் தொங்கினால் பதற வேண்டாம். வேர் உறிஞ்சுகிற ஈரத்தைவிட இலை வழியாகப் போகிற ஈரம் அதிகமாகும்போது, செடி இலையைத் தொங்கப்போட்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. மாலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்துவிட்டால் அதற்குத் தண்ணீர்க் குறை கிடையாது. மாலையிலும் தொங்கினால், அல்லது விடிகாலையிலேயே தொங்கினால், அப்போது விரலை மண்ணுக்குள் விடுங்கள். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு உள்ளே போக வேண்டும். மேலே தூசியாகப் பறக்கிற மண் இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஜில்லென்று இருக்கும். முதல் கோடையில் யாரும் இதை நம்புவதில்லை. உள்ளே ஈரம் இருந்தும் செடி தொங்குகிறது என்றால் வேரில் கோளாறு. மேலும் தண்ணீர் விட்டால் சாவைத்தான் சீக்கிரப்படுத்துவோம்.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது கோடையில் ஒரு மதியம் மாடிக்குப் போனேன். பூசணிக்கொடி மொத்தமும் துவண்டு கிடந்தது. மனம் கேட்காமல் குழாயைத் திறந்து ட்யூபைக் கொடியின் தூரில் வைத்துவிட்டேன். அந்த ட்யூப் காலையிலிருந்து வெயிலில் சுருண்டு கிடந்தது. அதற்குள் தேங்கியிருந்த தண்ணீர் எவ்வளவு சூடு என்பது காலில் தெறித்தபோதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் தூர்ப் பக்கம் தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. அதிலிருந்து ஒரு பழக்கம்: எந்த நேரமானாலும் ட்யூபில் முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்துவிட்டு, கையில் பட்டுக் குளிர்ச்சி தெரிந்த பிறகே செடிக்குத் திருப்புவேன். மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மாலைத் தண்ணீரும் வெந்நீர்தான். அவர்கள் காலை 7 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

அளவு என்று கேட்டீர்கள். பன்னிரண்டு அங்குலச் செடிப் பையில் காய்க்கிற வெண்டைக்கு என் மாடியில் பங்குனியில் காலையில் ஒரு லிட்டர், ஒன்றேகால் லிட்டர் போகும். கத்திரி வெயில் தொடங்கினால் மாலையில் அரை லிட்டர் கூடுதல். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மண்கலவை வேறு, காற்று வேறு. பையின் அடித்துளையில் சொட்டு வர ஆரம்பித்ததும் நிறுத்துவது நம்பகமான அளவு. ஒரே மூச்சில் ஊற்றாமல் எல்லாப் பைக்கும் கொஞ்சம் ஊற்றி, ஒரு சுற்று வந்து மறுபடி ஊற்றினால் முதல் தண்ணீர் மண்ணை இளக்கிவிடும், இரண்டாவது உள்ளே இறங்கும். தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த பை ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஓரமாகவே வழிந்து கீழே வந்துவிடும், நாம் நிறைந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவோம். அப்படிப்பட்ட பையை ஒரு அகலத் தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்காரவைத்து எடுங்கள்.

போர் தண்ணீர் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. கோடையில் மண்மேல் வெள்ளையாகப் பொருக்கு படியும். அது உப்பு. தினமும் அளவாக ஊற்ற ஊற்ற, நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அடித்துளையில் தாராளமாக வழியும்வரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சிலர் சிக்கனம் என்று செடிக்கு விடுகிறார்கள். போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம், வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, தாராளமாக விடலாம். அரிசி களைந்த தண்ணீரும் சரி.

அடுத்து மூடாக்கு, அதாவது மண்ணுக்கு மேல் போடும் போர்வை. இது இல்லாமல் மாடியில் கோடை ஓடாது. காய்ந்த இலை, கடலைத் தொலி, தேங்காய் மட்டைத் துண்டு எதுவானாலும் இரண்டு அங்குலம் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். எனக்குப் பிடித்தது கரும்புச் சக்கை. பங்குனியில் தெருவுக்குத் தெரு கரும்புச்சாறு வண்டி வந்துவிடும். கேட்டால் சாக்கு நிறைய இலவசமாகத் தருவார்கள். ஒரு எச்சரிக்கை: அப்படியே போட்டால் எறும்பு ஊர்வலம் வரும். தண்ணீரில் அலசி, இரண்டு நாள் மொட்டைமாடியில் காயப்போட்டுப் பிறகு போடுங்கள்.

பைகளைத் தரையில் நேராக வைத்திருந்தால் செங்கல் மேலோ பழைய பலகை மேலோ தூக்கிவிடுங்கள். தளம் வாங்கிய சூடு இரவு 9 மணிவரை இறங்காது. அதன்மேல் உட்கார்ந்திருக்கிற வேர் என்ன பாடுபடும் என்று வெறுங்காலோடு மதியம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். தனித்தனியாகத் தள்ளி வைத்த பைகளை நெருக்கிக் கூட்டமாக வையுங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் பக்கச்சுவரில் விழும். மேற்கு ஓரத்தில் கொத்தவரை, வெண்டை மாதிரி வெயில் தாங்குகிற உயரச் செடிகள், அதற்கு உள்ளே கத்தரி, மிளகாய், நடுவில் கீரை, புதினா. காலை வெயில் எந்தச் செடிக்கும் கெடுதல் செய்வதில்லை, மேற்கு வெயில்தான் எமன். நிழல்வலை வாங்குவதானால் வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத வலை கீரைக்கும் மூலிகைக்கும் போதும். காய்ச்செடிகள் மேல் நாள் முழுக்க அதைப் போட்டால் நெட்டையாக வளர்ந்து பூக்காமல் நிற்கும். தலைக்கு மேல் ஏழெட்டு அடி உயரத்தில் கட்டுங்கள், காற்று ஓட வேண்டும். அப்புறம், கட்டுக்கம்பியைச் சும்மா சுற்றிவிட்டுப் போகாதீர்கள். சித்திரையில் கோடைமழைக்கு முன்னால் வரும் காற்று வலையைப் பாய்மரமாக்கி, கம்பத்தோடு பிடுங்கும். எனக்கு ஒரு வருடம் கம்பம் விழுந்து மூன்று தொட்டி உடைந்தது.

சரி, செடிகளுக்கு வருவோம்.

தக்காளியை விட்டுவிடுங்கள். பகல் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ காம்போடு உதிரும். மதுரையில் சித்திரை முழுக்க அதுதான் நிலைமை. இதற்கு எந்தக் கரைசலும் மருந்து கிடையாது. இப்போது கொடியில் இருக்கிற காய்களை மட்டும் பாருங்கள். அடிப்பக்கம் லேசாக இளஞ்சிவப்பு ஏறியதும் பறித்துச் சமையலறையில் நிழலான இடத்தில் வையுங்கள். செடியிலேயே பழுக்கவிட்டால் ருசி என்பது குளிர்காலத்துக்குச் சரி. 30 டிகிரிக்கு மேல் தக்காளியின் சிவப்பு நிறமி உருவாவது குறைந்து, மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நின்றுவிடும். போதாததற்கு அணில். அது தக்காளியைக் கடிப்பது பசியைவிடத் தாகத்துக்கு; ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு என் மாடியில் சேதம் குறைந்தது. காயின் அடியில் கறுப்பாகத் தட்டையாக அழுகினால் முட்டை ஓட்டைத் தேடி ஓடாதீர்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருக்கும். ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் வெள்ளம் என்று தண்ணீர் விட்டால் அது காய்வரை போய்ச் சேராது. முட்டை ஓடு மட்க மாதக்கணக்காகும்.

கொத்தமல்லி பூத்தது உங்கள் தப்பில்லை. சூடு ஏறினால் அது இலையை நிறுத்திவிட்டு விதைக்குப் போகும். பூத்ததைப் பிடுங்காதீர்கள், தேனீ வரும், அதோடு பச்சை விதையை நான்கைந்து கிள்ளி ரசத்தில் போட்டுப் பாருங்கள், இலையும் தனியாவும் சேர்ந்த ஒரு வாசனை, கடையில் கிடைக்காது. புதிதாக வேண்டுமென்றால் காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில், அகலமான ஆழமில்லாத தொட்டியில், தனியாவை இரண்டாக உடையும்படி லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்து நெருக்கமாக விதையுங்கள். முளைக்கப் பத்து நாள் ஆகும், பொறுமை வேண்டும். பெரிய கட்டாக வளரும் என்று காத்திருக்காமல் ஐந்து அங்குலம் வந்ததும் அறுத்துவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தொட்டி என்று விதைத்துக்கொண்டே இருந்தால் சட்னிக்கு முழுதாகக் கிடைக்காவிட்டாலும் தாளித்துத் தூவக் கிடைக்கும்.

புதினாவுக்கு நிழலும் ஈரமும் போதும். தண்டு தரையில் படரவிடாமல் மண்ணிலிருந்து இரண்டு கணு விட்டு ஒட்ட அறுங்கள். இலை இலையாகக் கிள்ளினால் கீழே குச்சி மட்டும் நிற்கும், வெயிலில் காய்ந்துவிடும். துளசி, திருநீற்றுப்பச்சிலை இரண்டிலும் பூக்கதிர் தலைகாட்டியதும் கிள்ளுங்கள். பூத்து விதை வைத்துவிட்டால் இலை சிறுத்து மணம் குறையும். கற்பூரவல்லி ஒட்டகம் மாதிரி, இலையிலேயே தண்ணீர் வைத்திருக்கிறது. தினமும் ஊற்றினால் அழுகும். பிரண்டைக்குச் சொல்லவே வேண்டாம், மறந்துவிடுவதே அதற்குச் செய்யும் உபகாரம்.

கறிவேப்பிலை மட்டும் இந்தப் பருவத்தில் தனிக் கவனம் கேட்கும். கோடை தொடங்கும்போது கொழுந்து விட்டு, உச்சியில் பூங்கொத்தும் வைக்கும். இலைதான் வேண்டும் என்றால் பூங்கொத்தோடு நுனியை ஒரு சாண் வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு, மூன்று கிளை வரும். ரசத்துக்கு நாலு இலை என்று ஈர்க்கிலிருந்து உருவிக்கொண்டு போவதுதான் செடி ஒல்லிக்குச்சியாக நிற்பதற்குக் காரணம். எடுத்தால் ஈர்க்கோடு எடுங்கள். கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். நகர்ந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால் அதற்கு இரண்டும் ஒன்று. வளர்ந்தால் பச்சையாகிவிடும், நாலே நாளில் சிறிய செடியை மொட்டையாக்கும். கையால் எடுத்துப் போடுவதே போதும். நான் இரண்டைப் பக்கத்துக் காலிமனையில் இருக்கிற எலுமிச்சையில் விட்டுவிட்டு வருவேன். அது என் பலவீனம்.

இனி வெண்டை. உங்கள் தோட்டத்தில் இந்த இரண்டு மாதத்துக்கு ராஜா அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெண்டைப்பூ காலையில் விரியும், மாலைக்குள் சுருங்கிவிடும். பூ வாடியதிலிருந்து நான்காம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் காய் பறிக்கிற பதம். கோடையில் அந்தப் பதம் ஒரே நாளில் தவறிவிடும். நேற்று விரல் நீளம் இருந்தது, இன்றைக்குப் பார்த்தால் கட்டை. ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை 7 மணிக்குள் பறித்தே ஆக வேண்டும், ஊருக்குப் போவதானால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நுனியை ஒடித்துப் பார்க்கும் சோதனை கடைக்காரரிடம் செய்வது. நம் செடியில் செய்தால் காய் வீண். காம்பைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது கத்தி சிரமப்படாமல் இறங்கினால் பிஞ்சு. நார் நாராக இழுத்தால் முற்றல். முற்றியது தெரிந்தாலும் அதைச் செடியில் விடாதீர்கள். ஒரு காய் விதை கட்ட ஆரம்பித்தால், செடி தன் வேலை முடிந்ததென்று மேலே பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். இதனால்தான் பறிப்பதே பராமரிப்பு என்று முதலில் சொன்னேன். கொத்தவரை, காராமணி, வெள்ளரி, பீர்க்கு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. விதைக்கு வேண்டுமானால் கடைசிக் காலத்தில் ஒரே ஒரு நல்ல செடியை ஒதுக்கி, காய் அதிலேயே காய்ந்து வெடிக்கும்வரை விடுங்கள்.

வெண்டை இலைத் தண்டில் உள்ள சுணை சிலருக்கு அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை. பறித்ததைக் கழுவாமல், துணியில் சுற்றி வையுங்கள். ஈரம் பட்டால் மறுநாளே கறுக்கும்.

இலை நரம்பு வலைபோல மஞ்சளாகத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், வெயில் காலத்தில் அதிகம். வந்த செடிக்கு வைத்தியம் இல்லை. காயும் வெளுத்து முரடாகிவிடும். தயங்காமல் பிடுங்கிப் போடுங்கள், பக்கத்துச் செடியாவது தப்பும். உங்களுக்குப் பிரியமான முதல் செடியாகத்தான் அது இருக்கும், என்ன செய்வது. வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும். ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மூடியில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் காலையில் போய் எண்ணலாம். எண்ணிக்கை ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அது. அதுவே எல்லாவற்றையும் ஒழித்துவிடாது.

கத்தரியில் தோல் பளபளப்பு இருக்கும்போதே பறியுங்கள். பளபளப்பு மங்கினால் உள்ளே விதை கறுக்க ஆரம்பித்துவிட்டது. நுனிக்கொழுந்து மட்டும் தனியாக வாடித் தொங்கினால் அது வெயில் இல்லை, உள்ளே தண்டுத்துளைப்பான் புழு. அந்த நுனியை இரண்டு அங்குலம் கீழே வெட்டி, நசுக்கிப் போடுங்கள். தையில் காய்த்து ஓய்ந்த செடி இருந்தால் பிடுங்க வேண்டாம். தரையிலிருந்து முக்கால் அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிக் கவாத்து செய்தால் கோடைமழைக்குப் பிறகு மறுபடி தழைக்கும். ஆனால் உச்சி வெயில் நாளில் கவாத்து கூடாது, மேகமூட்டமான மாலை பார்த்துச் செய்யுங்கள்.

மிளகாய் இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப் பேன். இரண்டுமே வறண்ட சூட்டில் பெருகுபவை. காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை விசையாக அடிப்பது முதல் வைத்தியம். அது போதாவிட்டால் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு காதி சோப்பு. கட்டாயம் வெயில் இறங்கிய பிறகு. காலையில் அடித்தால் எண்ணெய்ப் படலத்தின்மேல் வெயில் பட்டு இலை கருகும். பூச்சி செய்ததைவிட அதிகச் சேதம் நாம் செய்ததாக இருக்கும்.

மாவுப்பூச்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சித்திரையில் கேட்பீர்கள். செம்பருத்தி, கத்தரி, பப்பாளியில் பஞ்சு ஒட்டினதுபோல வரும். முதலில் எறும்பைக் கவனியுங்கள். தேன்போன்ற கழிவுக்காக அதைக் காவல் காப்பது எறும்புதான். ஒரு பழைய கதை உண்டு. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்ற வெளிநாட்டுப் பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, வீட்டுச் செம்பருத்தி எதையும் விடவில்லை. மருந்தடித்துப் பார்த்தார்கள், கட்டுக்குள் வரவில்லை. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்ததுதான் மிச்சம். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரியான ஒரு பொடிக் குளவியைத் தருவித்து விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவிதான் அதை அடக்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மாடியிலும் அப்படிப்பட்ட கூலியில்லா வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகுக் குஞ்சத்தோடு, ஆனால் கொஞ்சம் பெரிதாக, விறுவிறுவென்று ஓடுகிற ஒன்றைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்கிற ஒருவகைப் பொறிவண்டின் புழு. நான் ஒரு வருடம் முழுக்க அதை நசுக்கிக்கொண்டிருந்தேன்.

கொடிகளில் பூ வருகிறது, காய் நிற்கவில்லை என்பது அடுத்த மாதப் புலம்பல். சூடும் நீண்ட பகலும் சேர்ந்தால் ஆண் பூக்களே அதிகம் வரும். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், அடையாளம் எளிது. மாடிக்குத் தேனீ வரத்து குறைவு என்றால் நாம்தான் தூது போக வேண்டும், அதற்கு நேரம் தெரிய வேண்டும். பூசணியும் பாகலும் விடிகாலையில் மலரும். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் மாலையில் மலரும். காலை 10 மணிக்குப் போய்ப் பீர்க்கம்பூவைத் தடவி ஒரு பயனும் இல்லை. மாலை ஆறு, ஆறரைக்கு அந்த மஞ்சள் பூ விரிந்திருக்கும்போது ஆண் பூவைப் பறித்து, இதழைக் கழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்றியெடுங்கள். நிழல்வலை, தண்ணீர், எல்லாம் முடித்துவிட்டு நாளின் கடைசியில் செய்கிற இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மறுநாளுக்கு மறுநாள் குட்டிக்காய் தலைகீழாகக் கனத்துத் தொங்கினால் பிடித்துவிட்டது. மஞ்சளாகிச் சுருங்கினால் இல்லை.

வெள்ளரி தண்ணீர்க் குறையால் கசக்கும், அதைத் தூக்கிப்போட்டால் போதும். சுரைக்காய் விஷயம் வேறு. சமைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் எறியுங்கள். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது, சாறாகக் குடித்தவர்கள் உயிரிழந்தும் இருக்கிறார்கள். நம் செடிக்காய் என்ற பாசம் இதில் கூடாது.

கீரைக்கு எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாதான் எனக்கு வாத்தியார். ஒரு தடவை நான் சிறுகீரையை அறுத்துவிட்டுத் துளிர்க்கும் என்று காத்திருந்ததைச் சொன்னேன். "சிறுகீரைய வேரோட புடுங்கணும் தம்பி, அரைக்கீரையத்தான் அறுக்கணும்" என்று சிரித்தார். சிறுகீரை, முளைக்கீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கி முடிப்பவை. அரைக்கீரை அறுக்க அறுக்கத் தழைக்கும். தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் வாரம், பத்து நாளுக்கொரு தடவை கிடைக்கும். பசலைக்கொடியும் பொன்னாங்கண்ணியும் கோடையில் சோர்வதில்லை, ஒரு துண்டு நட்டாலே போதும். கீரை விதை தூவியதும் எறும்பு இழுத்துப் போகும். பொடி மணலோடு கலந்து தூவி, தொட்டி ஓரத்தில் ஒரு பிடி ரவை போடுங்கள். எறும்பு அதை எடுத்துக்கொண்டு விதையை நமக்கு விடும். அறுவடை எப்போதும் காலையில். மாலையில் அறுத்த கீரை ஏற்கெனவே அரைவாடல்.

உரம்: இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அதன்மேல் மூடாக்கு. பஞ்சகவ்யம் வைத்திருந்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து மாலையில் தெளியுங்கள். அவ்வளவுதான். ரசாயன உரமோ அரைகுறையாக மட்கிய சாணமோ காய்ந்த மண்ணில் வைத்தால் வேர் வெந்துவிடும்.

காய் ஒரேயடியாக வந்து குவிந்தால் வெயிலையே வேலைக்கு வையுங்கள். பங்குனி, சித்திரைதான் வற்றல் காலம். கொத்தவரையை உப்புப் போட்டு அரைவேக்காடாக எடுத்து வடித்து, மொட்டைமாடியில் வெள்ளைத் துணியில் நான்கு நாள். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் இரவு ஊறவைத்து, பகலில் மிளகாயை மட்டும் காயவைத்து, மாலையில் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றும்வரை இது நடக்கும். மணத்தக்காளிக்கும் இதே முறைதான். என் அம்மா காக்கைக்குப் பயந்து துணியின் நான்கு மூலையிலும் காய்ந்த மிளகாய் கட்டின கறுப்புத் துணி தொங்கவிடுவார்; காக்கை பயந்ததா என்று எனக்குச் சந்தேகம், ஆனால் நான் பயந்து பக்கத்தில் போகமாட்டேன். புதினா, துளசி மாதிரி மூலிகைகளை மட்டும் வெயிலில் போடாதீர்கள், மணம் பறந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில், தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள்.

கடைசியாக, தக்காளியும் காலிஃபிளவரும் எடுத்த பிறகு காலியாகும் பைகள். கை அரிக்கும், ஏதாவது விதைக்கத் தோன்றும். இரண்டு பையில் வெண்டை, ஒன்றில் கீரை என்று வைத்துக்கொண்டு மற்றதைச் சும்மா விடுங்கள்; நீங்கள் தாங்கக்கூடிய தண்ணீர் அவ்வளவுதான். அந்த மண்ணைத் தளத்தில் ஆறு அங்குல உயரம் பரப்பி, வேரைப் பொறுக்கியெடுத்து, நன்றாக நனைத்து, மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். நான்கைந்து வார வெயிலில் உள்ளே சூடு ஏறி நூற்புழு, பூஞ்சாணம், களைவிதை பெரும்பாலும் அடிபட்டுவிடும். அப்புறம் மண்புழு உரம் கலந்து நிழலில் வைத்தால் ஆடிப் பட்டத்துக்குத் தயார். தாளின் ஓரம் முழுக்கச் செங்கல் வைக்க மறக்காதீர்கள். போன வருடம் என் தாள் சித்திரைக் காற்றில் மூன்றாவது வீட்டு மாடியில் போய் விழுந்தது, அதை வாங்கப் போனபோது அரைக்கீரைக் கட்டு ஒன்று கொடுத்துத்தான் சமாதானம் ஆனது.